இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்: சென்னை வீட்டில் கரண்ட் செலவைக் கட்டுப்படுத்தும் முறை

யாரும் இல்லாத அறையில் எரியும் எல்.இ.டி. விளக்குக்காக வீட்டில் நடக்கும் சண்டைக்கும் கரண்ட் பில்லுக்கும் பெரிய தொடர்பு இல்லை. 9 வாட் பல்பு ஒன்று தினம் பத்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்தில் ஐந்தரை யூனிட்டைத் தொடாது. பழைய ஒன்றரை டன் ஏ.சி. அந்த அளவை ஒரே இரவில், ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடும். எது எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற கணக்கு கையில் இல்லாமல் சிக்கனம் பிடித்தால் உழைப்பு ஓரிடத்திலும் செலவு வேறிடத்திலும் போய்க்கொண்டிருக்கும். கணக்கு கடினமானதல்ல: வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட்.

500 என்ற கோடு

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 400 வரை ஐந்து ரூபாய்க்குள். கடைசி நூறுக்கு ஆறு ரூபாய்க்குச் சற்று மேல். 501ஆவது யூனிட் ஓடிய உடனே பில் வேறு அட்டவணைக்கு மாறுகிறது. 101–200 பகுதிக்கு இருந்த சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் இரு மடங்கு விலை விழும். ஆக அந்த ஒற்றை யூனிட் மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் கூட்டிவிடுகிறது. அதன் பிறகு யூனிட் விலை 8 ரூபாயைத் தாண்டும். 600க்கு மேல் 9.65 ரூபாய், 800க்கு மேல் 10.70, 1000க்கு மேல் 11.80 என்று ஒவ்வொரு படியிலும் ஏறும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும். நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் உங்கள் பில்லின் உச்சிப் படியிலிருந்துதான் கழிகிறது. 900 யூனிட் ஓடும் வீட்டில் 40 யூனிட் குறைந்தால் 400 ரூபாய் மிச்சம். 180 யூனிட் ஓடும் வீட்டில் அதே 40 யூனிட்டுக்கு நூறு ரூபாய்கூட மிஞ்சாது. எந்தப் பொருளை மாற்றுவது லாபம் என்பதை முடிவு செய்வது இந்தப் படிதான், பெட்டியில் ஒட்டியிருக்கும் விளம்பரம் அல்ல.

500ஐ 60 நாளால் வகுத்தால் நாளுக்கு எட்டே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். ரீடிங் எடுத்துவிட்டுப் போன அன்றே மீட்டரைப் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். பதினைந்து நாளில் 125, முப்பது நாளில் 250 என்பது உங்கள் எல்லை. பதினைந்தாம் நாள் 160 ஓடியிருந்தால் இன்னும் 45 நாள் கையில் இருக்கிறது, சரிசெய்துவிடலாம். பில் வந்த பிறகு செய்ய ஒன்றுமில்லை. ரீடிங் எடுப்பவர் சில நாள் தாமதித்து வந்தால் அந்த நாட்களின் யூனிட்டும் இதே கணக்கில் சேரும் என்பதால் 500க்கு மிக அருகில் போகாமல், 480ஐ இலக்காக வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டரைக் கொண்டே அளப்பது

மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் சிறு விளக்கு ஒன்று இருக்கும். அதன் அருகே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். 3200 பரவலாகக் காணப்படும் எண். 3200 என்றால், நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் 18.75 வாட்டுக்குச் சமம். நிமிடத்துக்கு நான்கு என்றால் 75 வாட், அதாவது ஒரு பழைய மின்விசிறி. உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் ஒரு சிமிட்டல் 37.5 வாட்.

அளக்கும் முறை இது. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றுங்கள். மெயினை அணைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். சிமிட்டல் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் மூன்றில் ஒன்று: இன்வெர்ட்டர் இன்னும் இழுக்கிறது, எங்கோ மறந்த ஒரு பொருள் ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவோ, மாடிப்படி விளக்கு, பக்கத்துப் போர்ஷன் போன்ற வேறொருவர் லைனோ உங்கள் மீட்டரில் சேர்ந்திருக்கிறது. போர்டில் உள்ள எம்.சி.பி.களை (ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் சிறு சுவிட்சுகளை) ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தால் எந்த லைன் என்று தெரியும். கசிவு என்றால் பணம் இரண்டாவது பிரச்சினை, உயிர் முதல் பிரச்சினை. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு பொருளாகப் போட்டு, இரண்டு நிமிடம் சிமிட்டலை எண்ணி எழுதுங்கள். ஃப்ரிட்ஜும் ஏ.சி.யும் விட்டுவிட்டு இழுப்பவை; அவற்றுக்கு இந்த முறை போதாது. மற்றவற்றை அணைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மீட்டர் எண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். பிளக்கில் செருகி அளக்கும் சிறிய மீட்டர்கள் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் அளக்க 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு நடுத்தர வீட்டின் கோடைக்காலக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். படுக்கையறை ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் 420 யூனிட், மூன்று பழைய மின்விசிறிகள் 14 மணி நேரம் 190, ஃப்ரிட்ஜ் 55, மோட்டார் 30, டி.வி. 24, விளக்குகள் 22. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து 33. அணைக்காமல் விட்ட செட்டாப் பாக்ஸும் வைஃபை ரூட்டரும் 26. மொத்தம் 800. இந்தப் பட்டியலில் முதல் இரண்டு வரியே முக்கால் பங்கு. 800ஐ 500க்குக் கொண்டுவந்தால் ஒரு பில்லுக்கு 2,800 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும்.

ஏ.சி.: சென்னையில் சண்டை ஈரத்தோடு

சென்னை இரவில் நம்மைப் புழுக வைப்பது வெப்பத்தைவிடக் காற்றிலுள்ள ஈரம். ஏ.சி. இழுக்கும் மின்சாரத்தில் கணிசமான பகுதி அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றவே செலவாகிறது. டிரெய்ன் பைப்பில் சொட்டுவது அதுதான். கதவை ஒருமுறை அகலத் திறந்தால் வெளியே போவது குளிர் மட்டுமல்ல, புது ஈரமும் உள்ளே வருகிறது. அதனால் இங்கே ஏ.சி. சிக்கனம் என்பது பாதி, அறையை அடைக்கும் வேலை.

கதவின் அடி இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சென்னை அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் ஸ்லைடிங் ஜன்னலில் இரண்டு கண்ணாடிச் சட்டமும் சேரும் இடத்தில் பிரஷ் பட்டை தேய்ந்து போயிருக்கும். உள்ளிருந்து ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தால் புகை எங்கே ஆடுகிறது என்று தெரியும். அலுமினியக் கடைகளில் அந்த பிரஷ் மீட்டர் கணக்கில் விற்கிறார்கள். அட்டாச்சுடு பாத்ரூம் கதவைச் சாத்தியே வையுங்கள். ஈரத்துணியை ஏ.சி. அறையில் காயப்போடாதீர்கள், துணியிலிருந்து எழும் ஈரத்தையும் கம்ப்ரஸர்தான் சுமக்க வேண்டும்.

ரிமோட்டில் 26 வைத்து, மின்விசிறியை நடுத்தர வேகத்தில் ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. 2020 முதல் புது ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. 22இல் இருந்து 26க்கு மாறினால் 420 யூனிட்டில் 90 யூனிட்டாவது குறையும். 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறு. பழைய சாதா ஏ.சி. எந்த எண்ணிலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

போடும் நேரமும் முக்கியம். பகலெல்லாம் வெயில் வாங்கிய மேற்குச் சுவர் இரவு பத்து, பதினொரு மணி வரை உள்ளே வெப்பத்தைக் கக்கும். மாலையில் கடற்காற்று வீசும் நாட்களில் எதிரெதிர் ஜன்னல்களை அரை மணி நேரம் திறந்து, அடைபட்ட சூட்டை வெளியேற்றிவிட்டுப் பிறகு ஏ.சி.யைப் போட்டால் முதல் ஒரு மணி நேரத்தின் சுமை நன்றாகக் குறையும். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் டைமரில் அணையும்படி வையுங்கள். அடைத்த அறையில் குளிர் ஒரு மணி நேரமாவது தங்கும். மழைக்காலத்தில், வெப்பம் குறைந்து புழுக்கம் மட்டும் இருக்கும் நாட்களில், ஈரத்தை மட்டும் முக்கியமாக இழுக்கும் டிரை மோடு போதும்.

ஃபில்டரைக் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். மெயினை அணைத்து, முன்மூடியைத் தூக்கி, வலையை உருவி, தூசு படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமிருந்து குழாய்த் தண்ணீர் விட வேண்டும். தூசுப்பக்கம் விட்டால் அழுக்கு கண்ணிக்குள் இன்னும் இறுகும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் வளையும். கட்டட வேலை நடக்கும் தெருவில் இருப்பவர்களுக்கு வாரம் ஒருமுறைகூடத் தேவைப்படலாம். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயிலின் மேல் பனி உறையும், பனி உறைந்தால் காற்று இன்னும் குறையும்.

வெளியே இருக்கும் யூனிட்டைப் பலரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அது சூடான காற்றைத் தள்ளினால்தான் உள்ளே குளிர் வரும். அடுக்குமாடிகளில் சுவர்களுக்கு நடுவே விட்ட குறுகிய டக்டில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி வைத்தால் கீழ் வீட்டு யூனிட்டின் சூட்டை மேல் வீட்டு யூனிட் உள்ளிழுக்கிறது. கம்ப்ரஸர் கூடுதலாக இழுக்கும். அழகுக்காகப் போட்ட நெருக்கமான கிரில்லும் அதே கெடுதலைச் செய்யும். முன்னால் காற்று தடையின்றிப் போக வேண்டும், பின்னால் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை போலக் கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை. மெல்லிய அலுமினியத் தகடுகள் அரித்து உதிர்ந்தால் எந்த சர்வீஸும் உதவாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வாங்கும்போதே பூச்சு பூசிய காயில் உள்ளதாகப் பாருங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் காஸ் நிரப்பச் சொல்கிறார்கள் என்றால் அது சர்வீஸ் ஆகாது. காஸ் தானாகத் தீர்ந்து போகாது, கசிந்தால்தான் குறையும். கசிவை நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். வெளி யூனிட்டில் மெல்லிய குழாய் சேரும் இடத்தில் பனி பிடிப்பது, ஒரு மணி நேரமாகியும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுவது ஆகியவை காஸ் குறைந்ததற்கான அடையாளங்கள். அந்த நிலையில் ஓட்டினால் கரண்டும் வீணாகும், கம்ப்ரஸரும் போகும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு: பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு டன் போதும். மொட்டை மாடிக்குக் கீழ் அறை, மேற்குச் சுவர் என்றால்தான் ஒன்றரை. தேவைக்கு மேல் பெரிதாக எடுத்தால் அறை சட்டெனக் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஈரம் வெளியேற நேரமிராது. குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்து இருக்கும். இன்னும் குறைத்து வைப்பீர்கள். நட்சத்திர லேபிளில் ஆண்டுப் பயன்பாடு என்று ஒரு எண் இருக்கும். அது 1600 மணி நேரத்துக்கானது, அதாவது நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். மூன்று நட்சத்திரத்தில் 1000, ஐந்து நட்சத்திரத்தில் 780 என்று இருந்தால் வித்தியாசம் 220 யூனிட். உங்கள் உச்சிப்படி 9 ரூபாய் என்றால் ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய். விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால் நான்கு ஆண்டில் வந்துவிடும். கத்திரி வெயிலில் மட்டும் போடுபவர்களுக்கு மூன்று நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி. (கம்ப்ரஸர் வேகத்தைத் தேவைக்கேற்பத் தானே மாற்றுவது) போதும். லேபிளில் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய ஸ்டாக்கின் ஐந்து நட்சத்திரம் புதிய கணக்கில் அதற்குக் கீழே வரும்.

ஏ.சி.க்குப் பதில் ஏர் கூலர் வாங்கலாமா என்று நிறையப் பேர் யோசிக்கிறார்கள். தண்ணீர் ஆவியானால்தான் கூலர் குளிரும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த சென்னைக் காற்றில் ஆவியாக இடமில்லை. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும் சில கோடைப் பகல்களைத் தவிர, அது புழுக்கத்தைத்தான் கூட்டும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பதும் அதே கதி.

மின்விசிறி

கண்ணுக்குத் தெரியாமல் பில்லை ஏற்றுவது இதுதான். பழைய மின்விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. எனப்படும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த மின்விசிறி முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 67 யூனிட், புதியது 27. ஒரு விசிறிக்கு 40 யூனிட் மிச்சம். மூவாயிரம் ரூபாய் விலை என்று வைத்தால், 500க்கு மேல் ஓடும் வீட்டில் ஒன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பும். 200க்குள் ஓடும் வீட்டில் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும்; அந்த வீட்டில் ஓடும் விசிறியைக் கழற்ற வேண்டாம், பழுதானபோது மாற்றினால் போதும். மாற்றுவதானால் அதிக நேரம் ஓடும் ஹாலையும் படுக்கையறையையும் முதலில் மாற்றுங்கள். விருந்தினர் அறையில் மாற்றுவது வீண்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். 1200 மில்லிமீட்டர் விசிறிக்குக் காற்றளவு நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்த வாட்டில் குறைந்த காற்று தருவதை வாங்கினால் பிறகு ஏ.சி.யைத்தான் தேடுவீர்கள். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டுக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்று கேளுங்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். மாட்டும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிட்டு நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாகக் குறைந்த மின்னழுத்தம் போனால் போர்டு எரியும். பல புகார்களுக்கு இதுவே காரணம்.

பழைய விசிறியை வைத்துக்கொள்பவர்கள் இரண்டு வேலை செய்யலாம். பெரிய டப்பா வடிவ ரெகுலேட்டர் இருந்தால் அது மிச்சப்படும் மின்சாரத்தைச் சூடாக வீணாக்குகிறது. எலெக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றுங்கள். அதில் வேகத்தைக் குறைத்தால் யூனிட்டும் குறையும். விசிறி மெதுவாகச் சுற்றினால் கன்டென்சர் போயிருக்கலாம். பெரும்பாலும் 2.5 மைக்ரோ பாரட். பழையதில் எழுதியிருக்கும் அதே அளவை வாங்கி மெயினை அணைத்து மாட்ட வேண்டும். அதிக அளவு போட்டால் வேகம் கூடும் என்று சிலர் போடுகிறார்கள். மோட்டாரின் காயில் சூடாகி எரிந்துபோகும்.

ஃப்ரிட்ஜ்

கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவினால் ரப்பர் தளர்ந்துவிட்டது. நான்கு பக்கமும் பார்க்க வேண்டும், பெரும்பாலும் கீழ் மூலையில்தான் போகும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து அழுத்தினால் சில சமயம் வடிவத்துக்கு வரும். வராவிட்டால் அந்த மாடலுக்கான ரப்பரை மாற்ற வேண்டும். பின்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். இட்லி மாவுப் பாத்திரத்தை மூடி வையுங்கள். திறந்த மாவிலிருந்து எழும் ஈரம் எல்லாம் பனியாகிறது. சாதாரண ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் விரல் கனம் பனி ஏறும் முன் டீஃப்ராஸ்ட் செய்யுங்கள், கத்தியால் குத்தாதீர்கள்.

இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து விடுங்கள். காலையில் மறுபடி குளிர வைக்க ஏறக்குறைய அதே மின்சாரம் போகிறது, இடையில் பாலும் குழம்பும் கெடுகின்றன.

மோட்டாரும் தண்ணீரும்

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மேல்தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். அரை மணியில் நிறைந்த தொட்டி 50 நிமிடம் எடுத்தால் மோட்டாரோ குழாயோ பழுது. சம்ப்பில் இருந்து ஏற்றுபவர்கள் முதலில் புட் வால்வைப் (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) பாருங்கள். மணல் சிக்கி மூடாமல் போனால் ஒவ்வொரு முறையும் காற்றை இழுத்த பிறகே தண்ணீர் வரும். அடுத்து உறிஞ்சு குழாயின் இணைப்புகள், பிறகு மோட்டார் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட், கடைசியில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர். போர்வெல் என்றால் கோடையில் நீர்மட்டம் இறங்குவதாலும் நேரம் கூடும். தண்ணீரில்லாமல் ஓடினால் அணைத்துவிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி அங்கே அவசியம்.

தொட்டி நிறைந்ததும் நிற்கும் ஃப்ளோட் சுவிட்ச் சில நூறு ரூபாய்தான். வழிந்து ஓடுவது தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்துதான். ஃப்ளஷ் டேங்க் கசிவு சத்தமில்லாமல் இதையே செய்யும். டேங்க்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் பத்துத் துளி விட்டு, கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள்.

ஹீட்டர், இன்வெர்ட்டர், மற்றவை

15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45க்குச் சூடாக்க 0.3 யூனிட் போதும். 2000 வாட் ஹீட்டரில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. 60 டிகிரிக்கு ஏற்றிப் பிறகு பச்சைத் தண்ணீர் கலப்பவர்கள், பாதி டேங்க்கைப் பயன்படுத்தாமல் ஆறவிட்டால் அவ்வளவும் வீண். தெர்மோஸ்டாட்டை 50இல் வையுங்கள், குளிக்கப் பத்து நிமிடம் முன் போடுங்கள், அணைத்துவிட்டுக் குளியுங்கள். கடினமான போர் தண்ணீர் உள்ள பகுதிகளில் காயிலில் உப்பு படிந்து சூடேற நேரமாகும். ஆண்டுக்கொருமுறை சுத்தம் செய்யுங்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும் ஊரில் ஹீட்டருக்கு வேலையே குறைவு.

வீட்டு இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் இழுக்கும். 20 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 29 யூனிட். பேட்டரி பழசானால் நிறையாமல் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். தொட்டால் சூடாக இருப்பது அதன் அறிகுறி. டிஸ்டில்டு வாட்டர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அணைந்ததாகக் கணக்கில்லை, ஸ்விட்சில் அணையுங்கள். போன் சார்ஜரைப் பிளக்கில் விட்டால் ஆகும் செலவு ஒன்றுமில்லை, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய சோக் வைத்த டியூப்லைட் இன்னும் இருந்தால் 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றுங்கள், பாதிக்கு மேல் குறையும். ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் செலவு தண்ணீரைச் சூடாக்குவதில்தான். குளிர்நீரில் துவைத்தால் அது இல்லை.

பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் பவர் சேவர் டப்பாவை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு கபாசிட்டர். வீட்டு மீட்டர் கணக்கிடுவது நாம் உண்மையில் செலவழிக்கும் ஆற்றலை. கபாசிட்டர் அதைக் குறைக்காது.

மேல்மாடி வீட்டுக்கு

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பவர்களுக்குத் தளத்தின் சூடே பெரிய எதிரி. வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும், இரவில் சீலிங்கிலிருந்து இறங்கும் சூடு நன்றாகவே குறையும். வேலையை ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். முதலில் பாசியையும் தூசியையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டு, விரிசல்களை அடைத்து, ப்ரைமர் அடித்து, பிறகு முதல் கோட். அது நன்றாகக் காய்ந்த பின் எதிர்த் திசையில் இரண்டாவது. ஈரத் தளத்தில் அடித்தால் முதல் மழையிலேயே உரிந்து வரும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வெள்ளை கறுத்துவிடும். ஒவ்வொரு ஆண்டும் கோடைக்கு முன் கழுவினால்தான் பலன் தொடரும். வாடகை வீட்டில் பெயின்ட் அடிக்க முடியாதவர்கள் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டியோ நிழல்வலையோ கட்டுங்கள். உள்ளே போடும் திரையைவிட அது மேல். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்படுகிறது.

பொது மீட்டரும் சோலாரும்

அடுக்குமாடியில் லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது, கட்டணமும் அதிகம். 10 வீட்டுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்கு 2023இல் அந்தக் கட்டணம் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேலிருந்து ஐந்தரை ரூபாயாகக் குறைக்கப்பட்டது. உங்கள் பொது மீட்டர் பில்லில் எந்தக் கட்டண வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய வகையிலேயே இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். படிக்கட்டு விளக்குகளுக்கு ஆள் நடமாட்ட சென்சார் போட்டால் இரவு முழுவதும் எரிய வேண்டியதில்லை.

சொந்த மாடி இருப்பவர்கள் சோலார் போடுவதற்கு முன் மேலே சொன்ன வேலைகளை முடித்து, இரண்டு பில் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். சென்னையில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும், ஏறக்குறைய நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 800 யூனிட் வீட்டுக்கு மூன்று கிலோவாட்டுக்கு மேல் கேட்பார்கள். 500க்கு இறங்கிய வீட்டுக்கு இரண்டு போதும். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம் இரண்டு கிலோவாட் வரை மானியம். மூன்றும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000. தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் எங்கே விழுகின்றன என்று சுண்ணாம்புக்கட்டியால் தளத்தில் கோடு போட்டுக் காட்டிய பிறகே பேனல் எங்கே வைப்பது என்று நிறுவனத்தாரோடு பேசுங்கள்.